நிமிஷத்துக்கு முப்பது சொல்

என் அம்மாவுக்கு வாசிப்பு இலக்கு வைத்தது இந்திய அரசு. நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனசுக்குள் படித்தால் 35. பார்த்து எழுதினால் நிமிஷத்துக்கு 7 சொல்; ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினால் 5. 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், யாரை எழுத்தறிந்தவர் கணக்கில் சேர்க்கலாம் என்பதற்கு வகுத்த அளவு அது.

எங்கள் வீட்டு பீரோக் கதவில் இப்போது இன்னொரு இலக்கு ஒட்டியிருக்கிறது. மதுரையில் கல்லூரிக்குப் போகும் என் மகள் எழுதியது: '2026 – 50 புத்தகம்.' அவளுடைய தோழிகளும் கைபேசியில் ஆளுக்கோர் எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். "ஒங்க காலத்துல இப்பிடி ஏதாச்சும் வச்சுக்கிட்டதுண்டாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு வேலையாக இருந்தேன், சரியாகப் பதில் சொல்லவில்லை. இதுதான் அந்தப் பதில். வாசிப்புக்கு நாள் குறிப்பதும் அளவு குறிப்பதும் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். ஆனால் எங்கள் ஆட்கள் எண்ணியது புத்தகங்களை அல்ல.

எங்கள் கொட்டாம்பட்டிக்கு மேற்கே நத்தம், கிழக்கே சிங்கம்புணரி, வடக்கே துவரங்குறிச்சி. தெற்கே மேலூர் போகிற வழியில் கருங்காலக்குடி. அந்தக் குன்றில் சமணத் துறவிகள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன. பாறையில் 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி எழுத்து இருக்கிறது. மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர் என மேலூரைச் சுற்றியுள்ள பாறைகளில், தமிழில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் சில உள்ளன. அம்மா சிறுபிள்ளையாக ஆடு மேய்க்கப் போனபோது அந்தக் கருங்காலக்குடிப் பாறை நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சி குடித்தவர். அவர் தலைக்கு மேலே எழுத்து இருந்தது. 45 வயது வரைக்கும் எந்தப் பத்திரமானாலும் அவர் வைத்தது கட்டைவிரல் ரேகைதான். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் ஏறத்தாழ 51 சதவீதம். மீதிப் பாதியில் என் அம்மா இருந்தார்.

1991-ல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய இயக்கம். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். பொன்னமராவதி பக்கம் சம்பந்தம் வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். "பொம்பளைக சைக்கிள்ல போறாளுகத்தா, சாரி சாரியா!" பிறகு மதுரை மாவட்டத்துக்கும் இயக்கம் வந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தொண்டராகச் சேர்ந்தேன். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர், சம்பளம் கிடையாது. பாடநூல் மூன்று. மூன்றையும் 200 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ராத்திரி சமையல் முடித்து, ஆம்பளைகளுக்குச் சோறு போட்டு, பெண்கள் வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். தெருவிளக்குக்கு அடியில் சாக்கை விரித்து உட்காருவோம். மின்சாரம் போனால் அரிக்கேன் விளக்கு.

என் பத்துப் பேரில் ஒருவர் அம்மா. அவரை நினைத்துத்தான் நான் அதிகம் பயந்தேன். இரண்டாம் பாடநூலின் நடுவில் ஒருநாள் அம்மா வீட்டு மாடக்குழியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். அட்டை போய்விட்ட பழைய 'அல்லி அரசாணி மாலை'. பெரிய எழுத்துப் புத்தகம். விரலை வைத்துக் கடகடவென்று படித்தார். நிமிஷத்துக்கு 30 என்ன, 100 சொல்லுக்குக் குறையாது. மற்ற பெண்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்கு மட்டும் சந்தேகம். பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்த பக்கத்துச் சொல் வாயில் வந்தது. விரல் ஓரிடத்தில் இருந்தது, வாய் ஓரிடத்தில் இருந்தது.

"இது படிக்கிறதில்லம்மா. ஒப்பிக்கிறது" என்றேன்.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த வயதில் எனக்கு அதை மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் புத்தகத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்லி மதுரையை ஆண்ட அரசி என்பது கதை. புகழேந்திப் புலவர் பெயரில் அச்சிடுவார்கள், அந்தப் பழைய புகழேந்தி எழுதியதில்லை. பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு, நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை, மதுரைவீரன் கதை என்று இந்த வரிசை நீளும். புதிதாக எழுத்துக் கற்றவருக்கும் கண் மங்கியவருக்கும் மண்ணெண்ணெய் விளக்கில் தெரியும்படி தடித்த எழுத்தில் அச்சிட்டதால் பெரிய எழுத்து என்ற பெயர். எங்கள் பக்கத்துக்கு இந்தப் புத்தகங்கள் மதுரைப் புதுமண்டபத்திலிருந்து வந்தன. திருமலை நாயக்கர் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே கட்டிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் கடை. தையல்காரர்கள், பாத்திரக்காரர்கள், அவர்களுக்கு நடுவே புத்தகக்காரர்கள். இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் அங்கேதான் புத்தக வியாபாரம் செய்து, புராணங்களும் அம்மானைகளும் பதிப்பித்தார். சித்திரைத் திருவிழாவுக்குப் போன சனம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, வளையல், பொரிகடலையோடு ஒரு புத்தகமும் வாங்கி வரும். எங்கள் அய்யா அப்படி வாங்கியதுதான் வீட்டு அல்லி. இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வாங்கி வந்ததை யாரும் தனியாகப் படிக்கவில்லை. தெருவில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அறுப்பு முடிந்த மாதங்களில் ராத்திரி அவர் ராகம் போட்டுப் படிப்பார். சுற்றி இருபது முப்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அப்பத்தா வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டதாக அம்மா சொல்வார். ஒரு கதை இத்தனை ராத்திரி என்று கணக்கு உண்டு. அந்த ராத்திரிகளில்தான் அம்மாவுக்கு அல்லி முழுக்க மனப்பாடம் ஆனது. ஒப்பிக்கிறது என்று நான் வெடுக்கென்று சொன்னேனே, அது நூறு ஆண்டு வாசிப்புப் பழக்கத்தின் விளைச்சல். இதை உணர எனக்குப் பல ஆண்டு ஆயிற்று.

காலண்டரை எடுத்துப் பார்த்தால் வாசிப்புக்கென்று குறித்த நாட்கள் வரிசையாக வரும். சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் விளையும் என்று ஊர் கூடிக் கேட்கும். வருஷத்தின் முதல் வாசிப்பு அதுதான். புரட்டாசியில் செட்டிநாட்டு வீடுகளில் ராமாயணம் ஏறும், பட்டாபிஷேகத்தோடு இறங்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் வில்லிபாரதம் வாரக்கணக்கில் நடக்கும். ஒருவர் பாட்டைப் படிக்க, ஒருவர் பொருள் சொல்வார். மழை பொய்த்தால் விராட பருவம் மட்டும் தனியாகப் படிக்கும் ஊர்கள் பல. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது, விஜயதசமியன்று தொட்டே ஆக வேண்டும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மார்கழிக் கணக்கு. திருப்பாவை 30 பாட்டு, மார்கழிக்கு நாளொன்றுக்கு ஒன்று. சைவர்களுக்குத் திருவெம்பாவை 20 பாட்டுத்தான். அதனால் மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி 10 பாட்டைச் சேர்த்து 30 ஆக்கினார்கள். அந்த மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் எங்கள் மேலூர் வட்டாரம். 'ஒரு நாளைக்கு ஒன்று, விடாமல், ஒரு மாதம்' என்கிற திட்டத்தில் ஒரு பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. அளவு சின்னது, நாள் நிச்சயம், முடிவு தெரியும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கிழவியும் ஒரு நாளைக்கு ஒரு பாட்டுச் சொல்லிவிட முடியும். ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும்போது மார்கழி 17 ஆகியிருக்கும். நாம் 'இந்த வருஷம் படிப்போம்' என்று தீர்மானம் எழுதும் நேரத்தில், இங்கே ஒரு வாசிப்பு பாதியைத் தாண்டிவிட்டிருக்கிறது.

ஆனால் இதிலும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இவை எல்லாம் தெரிந்ததையே திரும்பப் படிக்கும் வாசிப்புகள். ராமாயணத்தில் அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். காதில் விழுந்திராத புத்தகம் ஒன்றை எடுத்துப் படிப்பது வேறு வேலை. அதோடு, கோயில் மண்டபத்தில் நடந்த பல வாசிப்புகளில் ஊரின் பாதிக்கு இடமே கிடையாது. எட்டி நின்று கேட்டவர்களும், கேட்கவே விடப்படாதவர்களும் இருந்தார்கள்.

தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே தமிழ் வாசிப்பு ஒரு நாள் வந்து நின்றது. 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக மாறிவந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் சாமிநாதையர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்கள்? சீவக சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? அதுவரை சாமிநாதையர் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கு அப்போது 25 வயது. அன்றைக்குத் தமிழ்நாட்டில் அவரளவுக்கு எண்ணிக்கையில் நூல் படித்த இளைஞர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். அந்த எண்ணிக்கை ஒரு கேள்விக்கு நிற்கவில்லை.

அவர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார், விளங்கவில்லை. அது திருத்தக்கதேவர் என்ற சமணர் செய்த காப்பியம். சமண சமயச் செய்தி தெரியாமல் உரையே பிடிபடாது. கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போனார். போன வீட்டில் தோரணம் கட்டியிருந்தது, கோலம் போட்டிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தார். பல மாதமாகச் சிந்தாமணி படித்து வந்தோம், இன்றைக்குப் பூர்த்தி என்றார்கள். தமிழ்ப் புலவர்கள் மறந்துவிட்ட ஒரு நூலை, ஒரு தெருவில் சில குடும்பங்கள் தொடக்க நாள் குறித்து, முடிவு நாளைக் கொண்டாடிப் படித்துக்கொண்டிருந்தன. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் சிந்தாமணியைக் கற்றார். 1887-ல் பதிப்பித்தார். பிறகு 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு முன்சீபின் கேள்வி.

அதற்கப்புறம் வாசிப்பு வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் தெருமுனைக்கு வந்த காலம். 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தார், கூடவே நூலகமும். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்த வண்டியைத் தொடங்கிவைத்த எஸ்.ஆர். ரங்கநாதன்தான் 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கும் பின்னால் நின்றவர். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இயற்றிய முதல் மாகாணம் நம்முடையது. இன்றும் வீட்டு வரி ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். காங்கிரஸ்காரர்களின் வாசகசாலை, திராவிட இயக்கத்தாரின் படிப்பகம், டீக்கடை பெஞ்சு. 1942-ல் சி.பா. ஆதித்தனார் மதுரையில்தான் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். எங்கள் ஊர் பஸ் நிறுத்த டீக்கடையில் ஒருவர் அதை உரக்கப் படிக்க, நாலு பேர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டதை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். அந்த பெஞ்சில் ஒரு பெண்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அறிவொளிதான் எங்கள் ஊரில் பெண்களை வாசிப்புக்காகத் தெருவில் உட்காரவைத்த முதல் ஏற்பாடு.

ஒப்பிக்கிறது என்று நான் சொன்ன பிறகு அம்மா மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தார். மூன்றாம் பாடநூலையும் முடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி சோதித்தேன். தெரியாத பத்தி ஒன்றில் நிமிஷத்துக்கு 31 சொல். சான்றிதழுக்கு அது போதும். அம்மாவுக்குப் போதவில்லை.

"எனக்குக் காதுல கேக்காத பொஸ்தகமா ஒண்ணு வேணும் தாயி" என்றார்.

நான் மதுரை போனபோது தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகத்தில் 'சத்திய சோதனை' வாங்கி வந்தேன். விலை குறைவு என்பதுதான் நான் அதை எடுத்ததற்குக் காரணம். தடித்த புத்தகம். அம்மா கையில் வாங்கி எடை பார்த்தார். தைப் பொங்கலன்று பானை இறக்கியதும் முதல் பக்கத்தைத் திறந்தார். அடுத்த பொங்கலுக்குள் முடிப்பது என்று அவரே நாள் வைத்தார். நாளுக்கு இரண்டு பக்கம். அவர் வேகத்துக்கு ஒரு பக்கம் ஏழெட்டு நிமிஷம். கால் மணி நேரம் என்பது மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற நேரம்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொள்வதற்கு வீட்டில் எத்தனை சண்டை நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது மாதத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். "காந்தி இன்னைக்கு என்ன செஞ்சாரு?" குழாயடியில் அம்மா சொல்வார். சீமைக்குப் போகுமுன் தாய்க்குச் செய்துகொடுத்த சத்தியத்தைச் சொன்ன அன்று பெண்கள் அழுதார்கள். பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர் நோயில் விழுந்து கடைசியில் ஆட்டுப்பால் குடித்த இடம் வந்தது. அம்மா ஆடு வளர்த்தவர். அதை நாலு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில்தான் காந்தி மேல்சட்டையைத் துறந்தார் என்று நான் சொன்னேன். "அது இதுல வரல்லையே" என்று திரும்பத் திரும்பத் தேடினார். காந்தி அதற்கு முந்திய ஆண்டோடு கதையை நிறுத்திவிட்டார். புத்தகத்தில் இல்லாததை இல்லை என்று அவரே கண்டுபிடித்த அன்றுதான் அம்மா முழு வாசகர் ஆனார் என்று நான் நினைக்கிறேன்.

பொங்கலுக்குள் முடியவில்லை. நடவு, நாத்தனார் வீட்டுக் கல்யாணம், ஒரு மாதம் காய்ச்சல். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடித்தார். அன்று சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெருவுக்குக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "காந்தி முடிஞ்சிருச்சு" என்று பதில். கும்பகோணத்துச் சமணர் வீட்டுத் தோரணத்தைப் பற்றி நான் படித்தது அதற்குப் பத்து ஆண்டு கழித்து. படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுப் பித்தளைப் பானைதான் கண்ணில் வந்தது.

அதன் பிறகு அம்மா பொங்கலுக்குப் பொங்கல் ஒரு புத்தகம் வைத்துக்கொண்டார். ஒன்றுதான். தன் வாழ்நாளில் அப்படிப் பதினொரு புத்தகம் படித்தார். பதினொன்றும் எங்கள் பீரோவில் இருக்கின்றன. எதைத் தொட்டுக் கேட்டாலும் அதில் என்ன வருகிறது என்று சொல்வார்.

என் மகள் ஐம்பது என்று எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. படிக்க நினைக்கிற பிள்ளையைத் தடுக்கிற தாயாக நான் இருக்க மாட்டேன். அவளுக்கு இன்று எவ்வளவோ இருக்கிறது. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. மதுரையிலும் 2006 முதல் புத்தகத் திருவிழா நடந்து வருகிறது. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். என் அம்மா ஒரு பக்கத்துக்கு ஏழு நிமிஷம் போராடிய ஊரிலிருந்து பஸ் ஏறினால் அங்கே போய் இறங்கலாம். ஆனால் ஐம்பது என்ற எண்ணைக் காட்டி, இராமசாமி முதலியாரைப் போல யாராவது 'எந்த ஐம்பது?' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? எண்ணை நிரப்புவதற்காகச் சின்னச் சின்னப் புத்தகமாகத் தேடி எடுக்கும் பிள்ளைகளை நான் பாடம் நடத்தும் பள்ளியில் பார்க்கிறேன். அது வாசிப்பின் பெயரால் நடக்கும் ஓட்டம். இலக்கு என்றால் அதற்கு ஒரு புத்தகத்தின் பெயர் இருக்க வேண்டும், தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்க வேண்டும், 'இன்னைக்கு எதுவரைக்கும் வந்திருக்கு?' என்று கேட்க நாலு பேர் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள், முடித்தும் காட்டினார்கள்.

மகள் சீட்டுக்குக் கீழே நானும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதில் என் புத்தகம் சீவக சிந்தாமணி. தமிழ் படித்த ஆசிரியையாக இருந்தும் பாடத்துக்கு வைத்த பகுதியைத் தாண்டி அதில் ஒரு பாட்டும் படித்ததில்லை. கருங்காலக்குடிக் கல்படுக்கைக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு ஒரு சமணக் காப்பியத்தை முழுசாகப் படிக்காமல் போகக் கூடாது என்று இருக்கிறது. 13 இலம்பகம், 3,145 பாட்டு. நாளுக்கு 9 பாட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன், சத்தமாக. ஜனவரி 1-ல் தொடங்கினால் 350-ஆம் நாள் முடியும். அது டிசம்பர் 16, மார்கழி முதல் நாள்.